மாமியார் பெயரில் ஒரு பப்பாளி

மாமியார் பெயரை வீட்டுக்கு வைக்கலாம், கடைக்கு வைக்கலாம். நோய் வரக்கூடிய எதற்கும் வைக்கக் கூடாது. இந்த ஞானம் எனக்குக் காட்டாங்குளத்தூர் தாண்டி ஒரு பப்பாளித் தோட்டத்தில் கிடைத்தது.

தோட்டம் என் மச்சான் சேகருடையது. வேலையை விட்டுவிட்டு, குத்தகை நிலத்தில் போட்டிருந்தான். அந்த ஒரு காய்ப்பை நம்பித்தான் அவன் குடும்பம். கன்று வாங்கச் சொந்தக்காரர்களிடம் பணம் திரட்டியது நான். (சேலையூரில் உட்கார்ந்து யோசனை சொல்ல எனக்கென்ன செலவு?) பணம் தந்தவர்கள் பெயரைத் தகரத்தில் எழுதி, ஆளுக்கொரு மரத்தில் மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் பிடித்து எல்லோரும் வருவார்கள். புளிசாதம், பிள்ளைகளின் கூச்சல், அவரவர் மரத்தோடு போட்டோ. அப்படி ஒரு கும்மாளம் எங்கள் குடும்பத்தில் அப்புறம் நடக்கவே இல்லை.

ஒருநாள் சேகர் போன் செய்தான்.

"மாமா, ஒரு மரத்துல தேமல் நோய். இலையெல்லாம் மஞ்சளா சுருண்டுடுச்சு. இதுக்கு மருந்தே கெடையாதாம். இப்பவே வெட்டிட்டா மத்தது பொழைக்கும்."

"ஒரு மரத்தைக் குடுத்து தோட்டத்தைக் காப்பாத்தறோம். லாபம்தானே? வெட்டுடா!" என்றேன். (பி.காம். படித்தவனாயிற்றே!)

"அது அம்மா மரம், மாமா."

"அப்ப... நீயே அவங்ககிட்ட கேளேன். உங்கம்மாதானே?"

"பேரு மாட்டுனது நீங்கதானே?"

இப்படியே நாள் போனது. நான் வேப்பெண்ணெய் வாங்கிப்போய் அடித்தேன். (திருநீறும் பூசினேன்; வெளியே சொல்லாதீர்கள்.) அதற்குள் பக்கத்து மரமும் மஞ்சள். அது என் மனைவியின் சித்தியுடையது. துணிந்து பேசினேன்.

"நல்லாருக்கே மாப்ள! உங்க மாமியார் நிக்கணும், நான் மட்டும் சாயணுமா?" என்றார் சித்தி.

விஷயம் காதுக்கு எட்டி மாமியாரே கிளம்பி வந்தபோது, தோட்டம் முழுக்க மஞ்சள். தன் மரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வெட்டுனா நான் போயிடுவேன்னு நெனச்சீங்களாக்கும்? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன் மாப்ள. என் புள்ள பொழப்புதான் போச்சு."

சேகர் மறுபடி வேலைக்குப் போய்விட்டான். என்மேல் கோபமில்லை என்கிறான், அதுதான் உறுத்துகிறது.

போன மாதம் புது ஸ்கூட்டர் வாங்கினோம். அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று மகள் ஆசையாகக் கேட்டாள். சமையலறையிலிருந்து என் மனைவி கத்தினாள்: "பேரு கீரு வெச்சிடாதடி! அப்புறம் பஞ்சரானாகூட உங்கப்பா ஆணியப் புடுங்க விடமாட்டாரு!"