விதைப் பெட்டிக்குக் காவல்

இந்த வருடம் விதை நெல்லை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டேன். வீட்டில் இருப்பதே நானும் என் மனைவி சண்முகவள்ளியும்தான். உத்தரவு யாருக்கென்று அவளுக்கு உடனே புரிந்தது.

காரணம் போன வருடம். எங்கள் ஊர் வானம் பார்த்த பூமி. மழைக்கு முன்பே புழுதியில் நெல்லைத் தூவி, உழுது மூடிவிட்டுக் காத்திருப்போம். நானும் விதைத்தேன். ஒரு சின்ன மழை பெய்தது. நெல் முளைத்தது. அடுத்த மழை இருபது நாள் எட்டிப் பார்க்கவில்லை. எல்லாம் கருகியது. காலிச் சாக்கோடு சிக்கல் என்கிற ஊரில் என் மைத்துனன், சண்முகவள்ளியின் அண்ணன் மருதுபாண்டி வீட்டில் போய் நின்றேன். விதை கொடுத்தான். "மச்சான், இதை வெதைக்கவா, காக்காய்க்குப் போடவா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்கவும் செய்தான். அது இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. இன்னொரு முறை அந்த வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் செய்தேன்.

தோற்றவன் பாடம் படிக்க வேண்டும். நான் படித்துவிட்டேன். இரண்டாவது மழை பெய்த பிறகே விதைப்பு.

"ஊரே புழுதியில வெதைக்குது. நாம பொட்டியப் பாத்துக்கிட்டே இருக்கவா?" என்றாள் சண்முகவள்ளி.

"ஊரா தோத்துச்சு? நான்தானே தோத்தேன். பாடம் எனக்குத்தான் தெரியும்."

"என்ன பாடம்?"

"வானத்தை நம்பக்கூடாது."

"ஆழமில்லாம மேலாப்புல உழுதீகளே, அது அந்தப் பாடத்துல வரலையா?"

"வராது."

விதையை மரப்பெட்டியில் கொட்டி, மதுரையில் வாங்கிய பூட்டைப் போட்டேன். சாவி என் அரைஞாண் கயிற்றில் ஏறியது. பெட்டி மேலேயே படுக்கையும் போட்டேன்.

புரட்டாசி அமாவாசை வந்தது. "உங்க அய்யாவுக்கு ராமேசுவரத்துல தர்ப்பணம் குடுத்துட்டு வாங்க. சாவியையும் கொண்டு போங்க, எனக்கு எதுக்கு?" என்றாள். அந்தப் பணிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கடலில் முழுக்குப் போட்டபோதும் சாவியைக் கையால் பிடித்துக்கொண்டேன். இரண்டு நாளில் திரும்பி வந்து பெட்டியை அசைத்துப் பார்த்தேன். கனம் குறையவில்லை.

முதல் மழை வந்தது. நல்ல மழை. நான் அசையவில்லை. பார்த்தால் மனசு இளகிவிடும் என்று வயல் பக்கமே போகவில்லை.

"பயிர் பாக்க வரலையா, சோணைமுத்தண்ணே?" என்று போகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். விதைக்காதவனிடம் என்ன கேலி இது?

"சிரிங்கப்பா. கடைசியில யார் சிரிக்கிறான்னு பாப்போம்" என்றேன்.

பத்தாம் நாள் இரண்டாவது மழை. நெஞ்சை நிமிர்த்திச் சாவியை எடுத்தேன். சண்முகவள்ளியைக் கூப்பிட்டு நிற்க வைத்து, பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே மணல். கண்மாய்க் கரை மணல்.

"நெல்லு எங்கன?"

"வயல்ல. நாலு விரக்கடை உசரம் நிக்குது. நீங்க ராமேசுவரம் போன அன்னைக்கே எங்க அண்ணன் ரெண்டு ஏரோட வந்து ஆழ உழுது போட்டுருச்சு. ஆழத்துல கெடந்தா சின்ன மழைக்கு முளைக்காது. நல்ல மழைக்குத்தான் முளைக்கும்."

"உங்க அண்ணனா? இந்த வீட்டுக்கு வந்தானா?"

"நீங்கதானே அந்த வாசலை மிதிக்க மாட்டேன்னீக. அது இந்த வாசலை மிதிக்கலாம்ல."

"பூட்டு உடையலையே?"

"பூட்டு முன்னாடி இருக்கு. கீலு பின்னாடி இருக்கு."

திரும்பிப் பார்த்தேன். கீல் ஆணிகள் புதிதாக மின்னின. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அதற்காகப் பணிந்துவிடுவேனா? இதுவும் ஒரு தோல்வி. இதிலும் ஒரு பாடம் உண்டு.

"அடுத்த வருசம் பின்னாடியும் ஒரு பூட்டுப் போடுவேன்" என்றேன்.

"போடுங்க. ரெண்டு சாவியையும் நீங்களே வச்சுக்கங்க" என்றாள் சண்முகவள்ளி. "அடிப்பலகைக்கு நாலு ஆணிதான்."