நாலு எழுத்து வராத பிரசங்கம்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கர்த்தரின் கிருபையால் நானும் உங்கள் தங்கச்சியும் சுகம். அக்காவும் நீங்களும் அவ்வாறே இருக்க ஜெபிக்கிறோம். சுகம் என்று வழக்கத்துக்காக எழுதினேனே தவிர, போன ஞாயிற்றுக்கிழமை நான் பட்ட பாட்டை வேறு யாராவது சொல்லி நீங்கள் சிரிப்பதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் போதகருக்குத் தொண்டை கட்டிக் குரலே போய்விட்டது. செவ்வாய்க்கிழமை நான் வேலை பார்க்கும் கட்டடத்துக்கே வந்து, லிஃப்ட் மெஷின் அறையில் கிரீஸ் கையோடு நின்ற என்னிடம் ஒரு துண்டுச்சீட்டை நீட்டினார். 'ஞாயிறு நீங்கள் பேசுங்கள். தலைப்பு: தேவ பெலன்.' நான் அதன் கீழே 'ஐயா, எனக்குத் திக்கும்' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் 'தெரியும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். குரல் போனது அவருக்கு. நான் எதற்காக எழுதினேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

எனக்கு க, ப, த, ஆ இந்த நாலு எழுத்தில் வார்த்தை தொடங்கினால் வராது என்று உங்களுக்குத் தெரியும். அதனால் நாலு நாள் உட்கார்ந்து, அந்த எழுத்துகளில் தொடங்கும் ஒரு சொல்கூட இல்லாமல் பதினொரு பக்கம் எழுதினேன். கர்த்தர் போனார், தேவன் போனார், ஆண்டவர் போனார், பிதா போனார், பெலனும் போனது. மிஞ்சியது 'அவர்' மட்டும்தான். சனிக்கிழமை உங்கள் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிங்க, யாரு இந்த அவரு? உங்க சூப்பர்வைசரா?" என்றாள்.

லிஃப்ட் பெட்டியை ஒரு கம்பிக்கயிறே தாங்கும், ஆனாலும் நாலைந்து போடுவது எங்கள் தொழில் அல்லவா, அதனால் நானும் ஏற்பாட்டோடுதான் போனேன், முதல் வரிசையில் உங்கள் தங்கச்சி உட்கார்ந்து வார்த்தை எடுத்துக் கொடுக்க வேண்டும், ரொம்பவே மாட்டிக்கொண்டால் நான் இடது காதைத் தொடுவேன், உடனே ஆர்கன் டீச்சர் பாட்டு ஆரம்பிக்க வேண்டும். மேடை ஏறினேனா, எனக்கு வியர்ப்பதைப் பார்த்த ஆலயக் காவலாளி நல்ல மனசோடு ஃபேனை முழு வேகத்தில் வைத்தார், பதினொரு பக்கமும் பறந்தன, நான் பதறிப்போய் காதோரம் வியர்வையைத் துடைத்தேன், டீச்சர் ஆரம்பித்துவிட்டார், சபை எழுந்து நின்று மூன்று சரணமும் பாடி உட்கார்ந்தது, நான் மறுபடி துடைத்தேன், மறுபடி எழுந்தார்கள். உங்கள் தங்கச்சியைப் பார்த்தால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள்.

அப்புறம் ஒன்றும் மிச்சமில்லை. வாயைத் திறந்தேன். "க… க…" அதற்கு மேல் நகரவில்லை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை எத்தனையோ தடவை வெளியே எடுத்திருக்கிறேன், அத்தான். உள்ளே நின்று கதவைத் தட்டுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மனசுக்குள் பேசும்போது எனக்குத் திக்காது. 'கர்த்தாவே, நான் உள்ளே மாட்டிக்கிட்டேன், நீங்கதான் வெளியிலேர்ந்து திறக்கணும்' என்றேன். கண்ணைத் திறந்தால், மூன்றாவது வரிசையில் எங்கள் சபையின் 'கடிகாரம்'. பிரசங்கம் இருபது நிமிஷத்தைத் தாண்டினால் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிற பெரியவர் என்பதால் அந்தப் பெயர். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார்.

அப்போதுதான் பேச்சு வந்தது.

"க… கர்த்தரோட பெலத்தைப் பத்திப் பேச வந்தேன். எங்கிட்ட ப… பெலன் இல்ல. நான் திக்கினப்போ நீங்க யாரும் எழுந்து போகல, அவரும் போகல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

நாலே வாக்கியம், ஒன்பது நிமிஷம். உட்கார்ந்துவிட்டேன். உங்கள் தங்கச்சி இப்போது வேறு காரணத்துக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் 'கடிகாரம்' என் கையைப் பிடித்து, "தம்பி, இருபது வருஷத்துல இன்னிக்குத்தான் நான் மணி பாக்கல" என்றார்.

ஆகவே அத்தான், சொந்த பெலத்தை நம்பி நடப்பதை அன்றோடு விட்டுவிட்டேன். அவர் எங்கே நிறுத்தினாலும் நிற்பேன். பயம் என்ற பேச்சுக்கே இனி என்னிடம் இடமில்லை. நீங்களும் அவ்வாறே திடமாக இருக்கும்படி, வயதில் சிறியவனானாலும், புத்தி சொல்கிறேன். கர்த்தர் உங்கள் வீட்டையும் அக்காவின் மூட்டுவலியையும் நினைத்தருள்வாராக.

இப்படிக்கு,
விசுவாசத்தில் உறுதிப்பட்ட
உங்கள் மைத்துனன்

பி.கு.: போதகருக்கு இன்னும் குரல் வரவில்லை. வருகிற ஞாயிறும் நான்தான் என்று அறிவித்துவிட்டார்கள். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் உங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். யார் விசாரித்தாலும் நான் அங்கே இல்லை. உங்கள் தங்கச்சிக்குக்கூடத் தெரியாது. கர்த்தருக்குத் தெரியும், ஆனால் அவர் யாரிடமும் சொல்லமாட்டார்.