சும்மா எரிந்துகொண்டிருந்த நாலாம் பெட்டி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்திற்கு,

தங்கள் முழங்கால் வலியும் சம்பந்தியம்மாளின் கண் கூச்சமும் இந்நேரம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே என் மகள், மாப்பிள்ளை, என் மனைவி ஆகிய மூவரும் சுகம். நான்கு பேர் இருக்கும் வீட்டில் மூவர் என்று எழுதியிருப்பதைத் தாங்கள் இதற்குள் கவனித்திருப்பீர்கள். முப்பது வருடம் ரயில் விபத்துகளை விசாரித்து, எந்த லீவரை எவன் இழுத்தான் என்று கண்டுபிடித்த கண்களுக்கு அது தப்பாது. அந்தக் கண்களை நினைத்துத்தான் என் கையெழுத்து இப்படிக் கோணலாக இருக்கிறது, மன்னிக்கவும்.

போனில் சொல்லலாமே என்பீர்கள். இது அட்டைச் சுவர் வீடு. குளியலறையில் ஒருவர் இருமினால் சமையலறையிலிருந்து தண்ணீர் வருகிறது. ஆகவே கடிதம். இதைத் தாங்கள் தனியாக, உட்கார்ந்துகொண்டு, முடிந்தால் எதிலாவது சாய்ந்துகொண்டு படிக்க வேண்டும். சாய்ந்தாகிவிட்டதா? தங்கள் மகனுடைய குவாண்டம் கம்ப்யூட்டரைக் கெடுத்த பாவி நான்தான்.

பதினோரு நாளுக்கு முன், சனிக்கிழமை, குடும்பத்தார் வந்து பார்க்கலாம் என்று மாப்பிள்ளையின் ஆய்வுக்கூடத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். நாங்களும் போனோம். செருப்புக்கு மேல் நீல உறை மாட்டச் சொன்னார்கள், மாட்டினோம். கூரையிலிருந்து ஒரு பெரிய வெள்ளை டிரம் தொங்கியது. அதற்குள் இருக்கும் குளிருக்கு முன்னால் ஐஸ்கட்டி எல்லாம் அடுப்பு என்றார்கள். அந்தக் குளிரின் அடியில் விரல் நகம் அளவு ஒரு சில்லு, அதில் பத்தொன்பது க்யூபிட்டுகள். க்யூபிட் என்றால் என்ன என்று மாப்பிள்ளை எனக்கு மூன்று முறை விளக்கியிருக்கிறார், மூன்று முறையும் புரிந்துகொண்டேன், மூன்று முறையும் மறந்துவிட்டேன். என் மனதில் நின்றது ஒன்றுதான்: கணக்குப் போடச் சொல்லும்போது மட்டும் அவை ஒன்றோடொன்று பேச வேண்டும், மற்ற நேரம் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் கணக்கு பாழ். இதைக் கேட்டதும் எனக்கு ஒரு சொந்த பந்தம் வந்துவிட்டது. முப்பத்தோரு வருடம் கல்லூரி விடுதிக் காப்பாளனாக இருந்து நான் செய்த வேலையும் அதுதானே! இருநூற்றுப் பன்னிரண்டு அறைகள், இரவு பத்தானால் விளக்கை அணைப்பேன், பேச்சு நிற்கும். ஆளில்லாத அறையில் விசிறி ஓடினால் நிறுத்துவேன். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் அந்தக் கை அடங்கவில்லை என்பது தங்களுக்கே தெரியும். நிச்சயதார்த்தத்தன்று தாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தங்கள் தலைக்கு மேலிருந்த விளக்கை அணைத்தவன் நான்.

எல்லாரும் டீ குடிக்கப் பக்கத்து அறைக்குப் போனார்கள். என் செருப்பு உறை கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. அதை விடுவித்து நிமிர்ந்தால் சுவரோரம் ஏழு பெட்டிகள், ஒவ்வொன்றிலும் பச்சையாக ஒரு எண், ஒரு திருகு. மற்றவற்றில் எண்கள் லேசாக ஆடிக்கொண்டிருந்தன, ஏதோ வேலை நடக்கிறது என்று விட்டுவிட்டேன். நாலாம் பெட்டியில் மட்டும் எண் ஆடவில்லை, அசையவில்லை, ஒருவரும் பார்க்காமல் தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. சும்மாதானே எரிகிறது! நான் நினைக்கவில்லை சம்பந்தி, என் கைதான் நினைத்தது. பொருளுக்குச் சேதம் வரக் கூடாதே என்று மெதுவாக, டிக் டிக் என்று இறக்கி, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து வைத்தேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு நிமிர்ந்தபோதுதான் பெட்டிக்கு மேலே கை படம் போட்டு, அதன் மேல் சிவப்புக் கோடு போட்டு ஒட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது. வராந்தாவில் காலடிச் சத்தம். பதறிப்போய் எண்ணைத் திரும்ப ஏற்றினேன். ஏழு, மூன்று, ஐந்து. வைத்துவிட்டு டீ அறைக்கு ஓடினேன். அன்றிரவு பல் தேய்க்கும்போதுதான் சந்தேகம் வந்தது: ஏழு, மூன்று, ஐந்தா? ஏழு, ஐந்து, மூன்றா?

திங்கட்கிழமை மாப்பிள்ளை முகம் சுண்டிப்போய் வந்தார். தட்டில் கை வைக்கவில்லை. "பேசுது மாமா," என்றார். "யார் பேசறாங்க?" என்றேன். "க்யூபிட்டுங்கதான். சும்மா இருக்க வேண்டிய நேரத்துல ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிட்டே இருக்குது." எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. மீதி உயிரை வைத்துக்கொண்டு, "நடுவுல ஏதாவது தடுப்பு வச்சிருப்பீங்களே மாப்பிள்ளை?" என்று கேட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவர் மேசையில் மூன்று டம்ளரை வரிசையாக வைத்தார்.

"இந்த ஓரத்துல ஒண்ணு, அந்த ஓரத்துல ஒண்ணு, ரெண்டும் க்யூபிட்டு. பக்கத்துல இருக்கறதால தானாவே கொஞ்சம் கிசுகிசுன்னு பேசிக்கும். நடுவுல இருக்கறது கப்ளர். இது வழியாவும் ஒரு பேச்சு போகும். அந்தப் பேச்சு நேர்ப் பேச்சுக்கு எதிரா, அதே அளவுல இருந்துச்சுன்னா ரெண்டும் கழிஞ்சு போயிடும். அதுங்களுக்கு ஒண்ணுமே காதுல விழாது. அந்த அளவைத்தான் ஒரு கரண்ட்டை வச்சு பிடிச்சு நிறுத்தறோம்."

"அந்தக் கரண்ட்டை அணைச்சிட்டா இன்னும் அமைதியா இருக்குமே?"

"எல்லாரும் ஏமாந்து போற இடமே அதுதான் மாமா. அணைச்சா அமைதி வராது, சந்தைக்கடை ஆயிடும். அதுங்களைச் சும்மா இருக்க வைக்கறதுக்குத்தான் அந்தக் கரண்ட்டே."

முப்பத்தோரு வருடம் நான் நம்பிய தர்மம் அந்த மேசையில் கவிழ்ந்தது சம்பந்தி. ஒன்றுமே செய்யாமல் எரிந்த பெட்டி என்று எதை நினைத்தேனோ, அதுதான் ஊரை அடக்கிக்கொண்டிருந்த பெட்டி. "மாப்பிள்ளை, அந்த நாலாம்..." என்று ஆரம்பித்தேன். மகள் என் தட்டில் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டாள். துடைத்து முடிப்பதற்குள் என் தைரியமும் வடிந்துவிட்டது. மறுநாள் மறுபடி வாயைத் திறந்தேன், "அப்பா, மாத்திரை போட்டீங்களா?" என்றாள். எனக்கு மாத்திரையே கிடையாது. தனியே கூப்பிட்டு, "அவர்கிட்ட ஆபீஸ் பத்தி எதுவும் கேக்காதீங்கப்பா, ஏற்கெனவே நொந்து போயிருக்கார்," என்றாள். அவளுக்கு என்ன தெரியும் பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

நானே போய் எண்ணைச் சரி செய்துவிடலாம் என்று போன வியாழக்கிழமை மாப்பிள்ளைக்குச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். வாசலில் காவலாளி அடையாள அட்டை கேட்டார், என்னிடமிருந்தது மகளின் நூலக அட்டை. பார்வையாளர் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். அங்கே எதிரே அந்தக் குளிர் டிரம்மைப் பராமரிக்கும் மனிதர், எல்லாரும் குளிர் மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள், யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார். "அது தானா மாறாதுங்க! யாரோ கை வச்சிருக்காங்க. கேமராவை எடுத்துப் பார்த்தா ஆள் யாருன்னு தெரிஞ்சிடும்." சாப்பாட்டுப் பாத்திரத்தை நாற்காலியிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டேன். ஐந்து கிலோமீட்டர். பாத்திரம் இன்னும் வரவில்லை. அதையும் சாட்சியாக எடுத்து வைத்திருப்பார்களோ என்று இருக்கிறது.

அன்றிலிருந்து எந்த சுவிட்சைக் கண்டாலும் கை கூசுகிறது. எது எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறதோ, யார் கண்டது? வீட்டில் பகலிலும் விளக்கு எரிகிறது, ஆளில்லாத அறையில் விசிறி ஓடுகிறது, நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதைக் கண்டு என் மனைவி மிரண்டுபோய், "ஏங்க, ஹால் லைட்டு எரியுது, நீங்க பார்த்துட்டுப் பேசாம இருக்கீங்க, உடம்புக்கு என்னங்க?" என்று டாக்டரிடமே அழைத்துக்கொண்டு போனாள். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். "எப்பலேருந்து இப்படி?" என்றார். "லைட்டை அணைக்கறதை நிறுத்தினதுலேருந்து," என்றாள் அவள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைவிட அவளைத்தான் அதிகநேரம் பார்த்தார்.

சிரிக்காதீர்கள் சம்பந்தி. அடுத்த வெள்ளிக்கிழமை மேலிடத்துக் குழு வருகிறது. அதற்குள் க்யூபிட்டுகள் அடங்காவிட்டால் அந்தச் சில்லை வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுவார்களாம், தங்கள் மகனுடைய ஒப்பந்தம் நீளாதாம், இந்த வீடும் நிறுவனத்தின் வீடு. நாலு வருட உழைப்பு. அவர் இடுப்புப் பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட்டிருக்கிறார், நான் பார்த்தேன். மகளைக் கட்டிக்கொடுத்த இடத்தில் நானே கொள்ளி வைத்துவிட்டேன். அவர் "மாமா" என்று கூப்பிடும்போதெல்லாம், உண்மை தெரிந்த பிறகு என்ன சொல்லிக் கூப்பிடுவார் என்று பயமாக இருக்கிறது.

ஆகவே தாங்களே தீர்ப்புச் சொல்ல வேண்டும். நான் அவரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றால், போன் செய்து என் பல்வலி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்றால், இங்கே மழை உண்டா என்று கேளுங்கள். இரண்டையும் ஒரே போனில் கேட்டுவிடாதீர்கள், தாங்க மாட்டேன்.

சம்பந்தியம்மாளுக்கு என் பணிவான வணக்கம். தங்கள் வீட்டில் சகல விளக்குகளும் எரியட்டும், சகலரும் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்புக்கு அருகதையற்ற சம்பந்தி

பின்குறிப்பு (தனி உறையில், கூரியரில்):

மேற்படி கடிதத்தை ஒட்டி, தபால்தலையும் ஒட்டி, அனுப்பலாமா வேண்டாமா என்று யோசிக்க மேசைமேல் வைத்திருந்தேன். மாப்பிள்ளை சாயங்காலம் நாலு மணிக்கே வந்துவிட்டார். பதினோரு நாளில் முதல் முறையாகச் சிரித்தார். "அடங்கிடுச்சு மாமா," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"தெரியும் மாமா," என்றார். "ஞாயித்துக்கிழமையே தெரியும். பெட்டியை எப்பத் திருகினாலும் கம்ப்யூட்டர்ல பதிவாயிடும். சனிக்கிழமை நாலு மணி பன்னிரண்டு நிமிஷம். அப்ப டீ ரூம்ல இல்லாத ஆள் நீங்க ஒருத்தர்தான்."

"அப்படின்னா நம்பரை அன்னிக்கே மாத்தியிருக்கலாமே?"

"மாத்தினேன். ஆனா ஒரு தடவை கீழ வரைக்கும் இறக்கிட்டா சில்லுக்குள்ள துளி காந்தம் மாட்டிக்கும், பழைய நம்பர் செல்லாது. பக்கத்து க்யூபிட் ஜோடிங்களோட அளவும் நகர்ந்துடும். எல்லாத்துக்கும் புதுசா தேடணும், அதான் இவ்வளவு நாள்."

எழுநூற்று முப்பத்தைந்தா எழுநூற்று ஐம்பத்துமூன்றா என்று நான் உருகியதெல்லாம் வீண், இரண்டுமே தப்பு. கேமராவைப் பார்க்கப் போகிறார்கள் என்றதும், "நான்தான் தெரியாம கை வச்சிட்டேன்" என்று மேலதிகாரியிடம் தன்மேல் போட்டுக்கொண்டாராம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "உங்களுக்குத் தெரிஞ்சா மனசொடிஞ்சு அன்னிக்கே கிளம்பிடுவீங்க, வாயைத் திறக்காதீங்கன்னு அவ சொன்னா மாமா."

அவரிடம் அப்படி, என்னிடம் இப்படி. தண்ணீர் கொட்டியது, இல்லாத மாத்திரையைக் கேட்டது எல்லாம் அப்போதுதான் புரிந்தது. மகள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பதினோரு நாளாக எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று ஒருவர் பயம் மற்றவர் காதில் விழாமல் பிடித்து வைத்திருக்கிறாள். அவளுக்கு என்ன தெரியும் பாவம் என்று நினைத்த என்னை எதால் அடிப்பது? அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. அதையும் நான் கவனிக்கவில்லை.

மாப்பிள்ளை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எங்க அப்பாவுக்கு மட்டும் சொல்லிடாதீங்க மாமா. வேலையில கை வச்சவன் யாருன்னு தெரிஞ்சும் மறைச்சேன்னு தெரிஞ்சா என்னை உக்கார வச்சு விசாரணையே நடத்திடுவார்." சத்தியம் செய்து கொடுத்தேன். கடிதத்தைக் கிழிக்கலாம் என்று திரும்பினால் மேசை காலி. "தபால்தலை ஒட்டி சும்மாதானே கிடந்துச்சு, போட்டுட்டு வந்துட்டேன்," என்றாள் என் மனைவி. முப்பத்தெட்டு வருடம் என்னோடு வாழ்ந்த பலன்.

சாதாரணத் தபாலுக்கு நாலு நாள், கூரியருக்கு இரண்டு நாள் என்றார்கள். ஆகவே இது முதலில் வந்து சேரும். நான் கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான் இதை அவசரமாக அனுப்புகிறேன். அனுப்பினால் எல்லாமே தங்களுக்குத் தெரிந்துவிடும் என்பது இந்த வரி வரைக்கும் வந்த பிறகுதான் உறைக்கிறது. கூரியர் ஆள் வாசலில் நிற்கிறார், இனி என்ன செய்ய?

அந்த முதல் உறை வந்தால் தயவுசெய்து மேசையில் வையுங்கள் சம்பந்தி. அது பாட்டுக்குச் சும்மா கிடக்கட்டும். தொடாதீர்கள்.