மீன்புழுக் கடையில் வாங்கிய போல்ட்

பிரஷ் க்ரீக், ஒஹாயோ
செப்டம்பர், திங்கட்கிழமை

அன்புள்ள மச்சான் டெல்பர்ட்டுக்கு,

லோவல் எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை வாண்டாவும், என் வலது தோள் ஒன்று நீங்கலாக, நலம். அங்கே நீயும் உன் நாயும் உன் டிராக்டரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டிராக்டருக்கு ஏதோ போல்ட் தேடி நீ அலைவதாக வாண்டா சொன்னாள். கிடைத்திருக்கும். நாலு மைல் தள்ளி இருப்பவனுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய். கவுண்டிப் பத்திரிகையில் செய்தி எழுதியே தலை நரைத்தவன் நான். நடந்ததை நடந்த வரிசையில் எழுதினால்தான் எனக்கு உண்மை வரும்.

தலைப்புச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், உட்கார்ந்து படி. நான் குறுக்கு வில் வாங்கிவிட்டேன். ஆமாம், கையால் இழுக்க வேண்டாத, சாவி சுற்றி நாண் ஏற்றித் துப்பாக்கி மாதிரி விசையை அழுத்துகிற அதே வில்.

காரணம் தோள். கோடையில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தசைநார் கிழிஞ்சிருக்கு லோவல். இனிமே நீங்க வில்லை இழுத்தா வில்லு வரும், கை வராது" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு உன் காட்டு ஓக் மரத்து ஏணிதான் கண்ணில் நின்றது. மாமனார் காலமான வருஷம், மான் வேட்டைக்கு மரத்து மேலே ஏறி உட்கார நாம் இரண்டு பேரும் சேர்ந்து அடித்த ஏணி. அதன் முதல் படியில் நீ சொல்லச் சொல்ல, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் நான் எழுதினேன்: இழுக்க முடியாதவன் ஏற வேண்டாம். இந்த மாநிலத்தில் வில்லோடு காட்டுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் தோளில் இன்று குறுக்கு வில்தான். அவர்களையெல்லாம் "நாற்காலி வேட்டைக்காரர்கள்" என்று சொல்லிச் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் பெரும்பங்கு உன்னுடையது என்று ஞாபகம். இப்போது எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. சீசன் திறக்கும்போது அந்த மரத்தில் உன் பக்கத்தில் எனக்கு இடம் உண்டா, இல்லையா? மற்றதெல்லாம் விளக்கம்தான்.

விளக்கம் கொஞ்சம் நீளம். வில் வாங்குவது சுலபம், அதற்கு அம்பு வாங்குவதில்தான் மனுஷன் மூளை கலங்கிப்போகும். குறுக்கு வில்லில் போகிற குட்டை அம்புக்கு போல்ட் என்று பேர், அதில் கனம் ஒரு கணக்கு, நீளம் ஒரு கணக்கு, நாண் வந்து உட்காரும் வாலில் பிறை மாதிரி பள்ளம் இருக்கணுமா, தட்டையா இருக்கணுமா என்று ஒரு கணக்கு, இதெல்லாம் முடிந்த பிறகு முனை. மீன்புழுவும் வில்லும் ஒரே கூரையில் விற்கிற ஆர்லோ பைலிடம் போய்க் கேட்டேன். தூண்டில் பெட்டியிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னான்: "கனம் கொறைஞ்சா வேகமாப் போகும், எலும்புல பட்டா யோசிக்கும். கனம் இருந்தா மெதுவாப் போகும், யோசிக்காது." யோசிக்காததையே கொடு என்றேன். இருபது அங்குலம், பிறை வால், முனையோடு சேர்த்து ஒரு அவுன்ஸுக்குக் கொஞ்சம் குறைவு. முனை, உங்க அப்பா வைத்திருந்த மாதிரி மடங்காத மூணு கத்தி. வரவழைத்துத் தருகிறேன் என்றான். பழுப்புத் தாள் பையில் போடு, பேர் எழுதாதே, கல்லாவுக்குப் பின்னால் வை என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். நீ அங்கே மீன்புழு வாங்க வருகிறவன்.

பை வந்த அன்று ஆர்லோ வீட்டுக்கே போன் போட்டுவிட்டான். எடுத்தது வாண்டா. "ஆர்லோ கூப்பிட்டான். உங்க போல்ட் வந்திருச்சாம். என்ன போல்ட்?"

"புல்வெட்டிக்கு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், ஜன்னல் வழியே புல்வெட்டியைப் பார்த்தாள். "சரி" என்றாள். அந்த "சரி" உனக்கும் தெரியும், உங்க அம்மாவுடைய "சரி".

சனிக்கிழமை வாண்டா சர்ச்சுக்குக் கேக் கொண்டுபோன சமயம் கார் கொட்டகையில் பையைப் பிரித்தேன் மச்சான், உள்ளே இருந்தது என்னுடையதே இல்லை. ரெண்டு அங்குலம் நீளம் அதிகம், முனை என்னடான்னா மடங்குற முனை, பறக்கும்போது குடை மாதிரி சுருக்கி வச்சுக்கிட்டுப் போய், பட்டதும் விரியுமாம். அம்பு விட்டவனே குடையை நம்பினா, மான் எதை நம்பும்? இதைக் காசு கொடுத்து வாங்குகிற முட்டாள் எவன் இந்தக் கவுண்டியில் என்று உண்மையாகவே யோசித்தேன். அந்த முட்டாள் எப்படியும் டெலிவிஷனில் வேட்டை பார்க்கிற ஆளாக இருப்பான், சட்டையில் இலை படம் போட்டிருப்பான், காட்டில் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிப்பான். இப்படியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே, சும்மா ஒண்ணை விட்டுத்தான் பார்ப்போமே என்று வில்லுக்குச் சாவி கொடுத்து நாணை ஏற்றி, அந்த முட்டாளின் அம்பு ஒன்றை வைத்து, வேலியோரம் இருந்த வைக்கோல் கட்டைக் குறி பார்த்தேன். வாலைப் பார்க்கவில்லை. அது தட்டை வால். என் வில்லுக்குப் பிறை வால்தான் ஆகும், இல்லாவிட்டால் நாண் அம்பைத் தள்ளாமல் அதன் முதுகில் ஏறிவிடும் என்று வில்லோடு வந்த புத்தகத்தில் சிவப்பு எழுத்தில் இருக்கிறது. நான் பிறகு படித்தேன்.

இரும்புக் கதவு அறைஞ்ச மாதிரி ஒரு சத்தம். வில்லுக்கும் ஒண்ணும் ஆகல, எனக்கும் ஒண்ணும் ஆகல. அம்பு மட்டும் குடிச்சவன் மாதிரி வைக்கோலுக்கு மேல ஏறி, வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டு ஓபல் ஷீட்ஸ் புல்தரையில வச்சிருக்காளே பிளாஸ்டிக் மான், அதோட விலாவுல போய் நின்னுச்சு. ஓபல் வாசலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். மானைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"லோவல், சீசன் இன்னும் தொறக்கலையே" என்றாள்.

போய் அம்பைப் பிடித்து இழுத்தேன். முனை சொன்ன சொல் தவறாமல் உள்ளே விரிந்திருந்தது. இழுக்க இழுக்க மான்தான் வந்தது, அம்பு வரவில்லை. "எடுத்துக்கிட்டே போயிருங்க, காயம்பட்ட மானை விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு நீங்கதானே பேப்பர்ல எழுதினீங்க" என்றாள். அது இப்போது என் கொட்டகையில் தார்ப்பாய்க்குக் கீழே படுத்திருக்கிறது. இதை வாண்டாவிடம் சொல்லிவிடாதே.

ஆர்லோவுக்குப் போன் போட்டேன். "மன்னிச்சிரு லோவல். ரெண்டு பை இருந்துச்சு, ரெண்டு பேருமே பேர் எழுதாதேன்னு சொல்லிட்டீங்க, நான் என்ன பண்ணுவேன்?"

"இன்னொருத்தன் யாரு?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். உன் பேரை அவங்கிட்ட சொல்லாத மாதிரியேதான்."

ஆக என் அம்புகள் யாரோ ஒரு முட்டாளிடம் இருக்கின்றன. அது போகட்டும். என் இடத்தைப் பற்றிச் சொல். நீ வேண்டாம் என்றால் வில்லை ஆர்லோவிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன், வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன், எழுத வரவில்லை. நவம்பர் விடியலில் உனக்கு யார் பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றுவது? போன வருஷம் எட்டுக் கிளைக் கொம்பன் நம் மரத்தடியிலேயே வந்து நின்றான். நீ வில்லைத் தூக்கவே இல்லை. "இளசு, போகட்டும்" என்றாய். அவன் முகவாய் என் முகவாயை விட நரைத்திருந்தது, ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. அந்த மானுக்குக் காட்டிய இரக்கத்தில் கால் பங்கை எனக்குக் காட்டு. மடங்குகிற முனையா, மடங்காத முனையா, நீ சொல்கிறதைத்தான் மாட்டுவேன், சத்தியம்.

உன் வைக்கோல் நனையாதிருக்கட்டும், உன் கூரை ஒழுகாதிருக்கட்டும், ஆண்டவர் உன்னையும் நாயையும் பத்திரமாக வைத்திருக்கட்டும். பதிலை வாண்டா கையில் கொடுக்காதே.

இப்படிக்கு,
உன் தங்கை கணவன்
லோவல்

பின்குறிப்பு: தபால்தலை வாண்டாவின் தையல் பெட்டியில் இருக்கிறது என்பதை மறந்துவிட்டேன். கேட்டேன். ஒட்டுவதற்கு முன் படித்துவிட்டாள். திட்டவில்லை. "மீன்புழு விக்கிற கடையில எவன் புல்வெட்டிக்கு போல்ட் வாங்குவான்?" என்றாள். தலையைக் குனிந்துகொண்டேன். "அதே கடையில எவன் டிராக்டருக்கு போல்ட் வாங்குவான்?" என்றாள். அது எனக்கு மண்டையில் ஏறக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

உனக்குத் தோள் போனது போன வருஷமே என்கிறாள். நான் சிரிப்பேன் என்று பயந்து சொல்லவில்லையாம். அந்த எட்டுக் கிளைக் கொம்பன் விஷயம் இப்போது புரிகிறது மச்சான்.

ஆகவே, பத்திரிகை வழக்கப்படி ஒரு திருத்தம்: மேலே "முட்டாள்" என்று வருகிற இடங்களிலெல்லாம் "என் மச்சான்" என்று படிக்கவும். குடையைப் பற்றி எழுதியதில் மாற்றமில்லை. உன்னிடம் வந்துவிட்ட என் பையிலிருந்து எதையும் உன் வில்லில் மாட்டாதே, வால் பொருந்தாது. ஏற்கெனவே மாட்டிவிட்டாய் என்றால் எதை அடித்தாய் என்று உடனே எழுது. ஞாயிற்றுக்கிழமை பையோடு வா, மாற்றிக்கொள்ளலாம். உன் அம்பில் ஒன்று குறையும். அதை மானோடு சேர்த்தே தருகிறேன், ஓபலுக்கு ஒரு புது மான் நாம் இரண்டு பேருமாக வாங்கிக் கொடுப்போம்.

ஏணியில் எழுதியதை அழிக்க வேண்டாம், அது சரியான விதிதான். வரும்போது உன் வீட்டு மடக்கு நாற்காலி ரெண்டையும் வண்டியில் போட்டுக்கொண்டு வா. மரத்தடியில் நல்ல நிழல் இருக்கிறது.