ஒற்றுப்பிழை விடும் ஆவிகள்

செத்தவர்கள் கடிதம் எழுதுகிறார்கள் என்று செய்தி பரவியதும், உயிரோடு இருப்பவர்கள் வேலைவெட்டியை விட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள். வரிசை ஒரு மாடி வீட்டு வாசலில் தொடங்கி, சலவைக்கடையைத் தாண்டி, பல் வைத்தியர் வீட்டுப் படிக்கட்டை மறித்துக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை நீண்டது. பல்வலிக்காரர்கள் வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி வழி கேட்டுக் கெஞ்ச வேண்டியிருந்தது. உயிரோடு இருப்பவனின் பல்வலியை அங்கே யார் மதிக்கிறார்கள்?

அந்த மாடி வீட்டில் இருந்தவருக்குக் கம்பியில்லா ஐயா என்று பெயர். பழைய ஆவிக்காரர்களைப் போல அவர் தலையை விரித்துப்போட்டு ஆடமாட்டார், குரல் மாற்றிப் பேசமாட்டார். அதெல்லாம் படிக்காதவர்களை ஏய்க்கும் வேலை. ஐயா படித்தவர்களை ஏய்க்கப் பிறந்தவர். அவருடைய கூடத்தில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி ஒரு பெரிய திரை, அவ்வளவுதான். ஐயா கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். கை மடியில் இருக்கும். திரையில் எழுத்து தானாக வரும்.

ஆரம்பிக்கும் முன் கூட்டத்திலிருந்து ஒரு சந்தேகப் பிராணியைக் கூப்பிட்டு மேசைக்கடியில் குனியச் சொல்வார். கரண்டுக்கு ஒரு கம்பி, திரைக்கு ஒரு கம்பி. வேறு கம்பி கிடையாது.

"வெளியிலேர்ந்து ஏதாவது கம்பி வருதா?"

"இல்லீங்க ஐயா."

"அப்ப எழுதறது யாரு?"

சந்தேகத்தோடு குனிந்தவர் பக்தராக நிமிர்வார். தன் சட்டைப்பையில் ஒரு கைப்பேசி எந்தக் கம்பியும் இல்லாமல் நாளெல்லாம் கத்திக்கொண்டிருக்கிறதே என்று அந்த மனிதருக்குத் தோன்றாது. பைக்குள் இருந்தால் கைப்பேசி, மேசைமேல் இருந்தால் மறுவுலகம்.

இந்தக் கூட்டத்துக்குள் தன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து மாட்டிக்கொண்டவள் ஒற்றம்மா. அது அச்சகத்தில் அவளுக்கு வைத்த பெயர். பிழை திருத்துவது அவள் வேலை. காணாமல் போன க், ச், த், ப் எங்கே இருந்தாலும் காதைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைப்பாள். அந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே அக்காவின் கணவர்தான். அத்தானும் அதே அச்சகத்தில் பிழை திருத்தியவர், அதிலும் வெறிபிடித்தவர். உணவு விடுதிக்குப் போனால் விலைப்பட்டியலைத் திருத்திவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தபோதுகூட, 'காலணியை கழற்றவும்' என்று எதிரே தொங்கிய பலகையைப் பார்த்துப் பார்த்து நொந்துபோய், நர்ஸைக் கூப்பிட்டு நடுவில் ஒரு க் போடச் சொன்னார். போட்ட பிறகுதான் அவருக்குத் தூக்கம் வந்தது.

அவர் போன பிறகு அக்கா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். மகன் வெளிநாட்டில் இருந்தான். வீட்டில் சுவரும் அவளும்தான். யாரோ ஐயாவைப் பற்றிச் சொல்ல, போனாள். அத்தான் எழுதினார். அதிலிருந்து வாரம் தவறாமல் போனாள், முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்கூட வந்தது. ஒற்றம்மாவும் போகட்டும் என்றுதான் விட்டிருந்தாள். ஒரு பொய்யால் அக்கா நாலு வாய் சோறு தின்றால் தின்றுவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தாள். அங்கேதான் அவள் கணக்குத் தப்பியது.

அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. காலில் செருப்புக் கடித்த புண் ஒன்று ஆறாமல் நின்றது. டாக்டர் திட்டிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மாத்திரையை நிறுத்தி வெகுநாளாகிவிட்டது. ஏன் என்று கேட்டதற்கு அக்கா, மாத்திரை உடம்பில் இருந்தால் அலை உள்ளே வராதாம், அவரே எழுதினார் என்றாள். விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னாள் தங்கை. விரல்தானே, அவரே போய்விட்டார் என்றாள் அக்கா.

அந்த வாரம் ஒற்றம்மாவும் கூடப் போனாள். காத்திருக்கும் அறையில் ஓர் அம்மாள் கூஜாவும் குவளையுமாக எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். பெற்ற தாய் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து, யாரைப் பறிகொடுத்தீர்கள், எப்படிப் போனார், என்ன சொல்லிக் கூப்பிடுவார் என்று உருகி உருகிக் கேட்டாள். கேட்டு முடித்ததும், பாதி நிறைந்திருந்த கூஜாவை நிரப்பப் பின்வாசல் வழியாகப் போனாள். ஒவ்வொரு துக்கத்துக்கும் ஒரு தரம் அந்தக் கூஜாவுக்குத் தாகம் எடுத்தது.

கூடத்தில் அக்காவின் முறை வந்தது. திரையில் அத்தான் எழுதினார்: 'கண்ணே, கவலைபடாதே. நான் சுகமாக இருக்கிறேன். மாத்திரையை தொடாதே.'

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஒற்றம்மாவுக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. கவலைபடாதே. நடுவில் ப் இல்லை. மாத்திரையை தொடாதே. த் இல்லை. அத்தானா இப்படி எழுதுவார்? அவர் கையை வெட்டினாலும் அந்த ப் விழுந்திருக்காதே. அடுத்து ஒரு லாரி டிரைவரின் செத்துப்போன அப்பா எழுதினார்: கவலைபடாதே. அதற்கடுத்து ஒரு வக்கீலின் மாமியார்: கவலைபடாதே. மாண்டவர்கள் எல்லோரும் மேலே போய் ஒரே மக்கு வாத்தியாரிடம் படிக்கிறார்களா என்ன? வெளியே வந்து அக்காவிடம் இதைச் சொன்னபோது, அங்கே போனவருக்கு இலக்கணம் எதற்கு என்று கேட்டாள் அக்கா. அழுகிறவளிடம் புணர்ச்சி விதி பேசி ஜெயிக்க முடியுமா?

மறுவாரம் ஐயா ஒரு புதுச் சரக்கை இறக்கினார். அதன் பெயர் ஆன்மச் செவி. வெல்வெட் பெட்டிக்குள் கட்டைவிரல் பருமனில் ஒரு கறுப்புத் துண்டு. வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகினால் போதும், அன்பு உள்ளவர்களுக்கு ஆவி வீட்டுக்கே வந்து எழுதும். எழுதாவிட்டால்? அன்பு போதவில்லை என்று அர்த்தம். சரக்குப் பழுதானால் வாங்கியவன் மேல் பழி போடும் இப்படி ஒரு வியாபாரம் உலகத்தில் வேறு எங்காவது உண்டா?

அக்கா வாங்கிவிட்டாள். அவளுக்குச் செருகத் தெரியவில்லை, தங்கையைக் கூப்பிட்டாள். பின்னறையில் அத்தானின் கம்ப்யூட்டர் தூசி படிந்து கிடந்தது. மகன் போட்டுக் கொடுத்த இணையப் பெட்டி முன்கூடத்தில் இருந்தது. அங்கிருந்து இங்கே கம்பி எட்டாது என்று யாரும் இரண்டையும் இணைத்ததில்லை. ஒற்றம்மா துண்டைப் பின்பக்கம் செருகினாள். அதில் ஒரு சின்ன விளக்கு சிமிட்டியது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். திரை ஒரு மூலையில் ஏதேதோ பெயர்களைக் காட்டியது. ஒன்று எதிர்வீட்டு இணையம், ஒன்று மேல்மாடிக்காரருடையது, ஒன்று அக்காவின் முன்கூடத்துப் பெட்டியே. கடவுச்சொல் கேட்டது. பெட்டியின் அடியில் ஒட்டியிருந்ததைப் பார்த்து ஒற்றம்மா தட்டினாள். இணைந்துவிட்டது. முதல் செய்தி வந்தது: நாளை ஓரளவு மேகமூட்டம், மாலையில் லேசான மழை.

பொழுது சாய்ந்து விளக்கு வைக்கும் நேரம் வரை அக்கா அந்தத் திரையின் முன் உட்கார்ந்திருந்தாள். அத்தான் வரவில்லை. கடைசியில், எனக்கு அவர் மேல் அன்பு போதலையோ என்று அவள் கேட்டபோது, ஒற்றம்மாவுக்கு அதுவரை வந்திருந்தது எரிச்சல், அதன் பிறகு வந்ததுதான் கோபம்.

துண்டைப் பிடுங்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். கம்ப்யூட்டர் கடையில் அதே துண்டு, ஊறுகாய்ப் பொட்டலம் மாதிரி சரம் சரமாகத் தொங்கியது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே விளக்கினார். இதற்கு அடாப்டர் என்று பெயர், கம்பி எட்டாத இடத்தில் கம்ப்யூட்டரை இணையத்தோடு சேர்க்கும், ஒன்றிரண்டு சுவர் தாண்டி வரும் அலையைப் பிடிக்கும், அதற்கு மேல் போனால் திணறும். கிளம்பப் போனவளிடம் அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் அவிழ்த்தது.

"இது வெறும் காதும் வாயும்தாங்க. அந்தப் பக்கம் ஒரு ஆள் உக்காந்து பேசினாத்தான் இந்தப் பக்கம் ஏதாவது வரும்."

அந்தப் பக்கம் ஓர் ஆள். ஒன்றிரண்டு சுவர் தள்ளி. பின்வாசலைத் தாண்டி, கூஜா போய் வருகிற தூரத்தில்.

அச்சக முதலாளி, தன் பிழைதிருத்துநர் வாராவாரம் லீவு போடுவதில் ஏற்கெனவே கடுகடுவென்று இருந்தார். ஒற்றம்மா போய் ஓர் உதவி கேட்டாள். அவர் ஒரு காலைப்பொழுது செத்திருக்க வேண்டும். முதலாளி யோசித்தார். செத்தால் அந்த வாரத்தோடு லீவு நிற்குமா என்று கேட்டார். நிற்கும் என்றாள். சரி, சாகிறேன் என்றார்.

அந்த வாரம் காத்திருக்கும் அறையில் ஒற்றம்மா தண்ணீர் அம்மாளின் தோளில் சாய்ந்து அழுதாள். அச்சகம் வைத்திருந்த தன் அண்ணன் படகு கவிழ்ந்து போய்விட்டான், தன்னைக் குட்டி என்றுதான் கூப்பிடுவான் என்று சொன்னாள். கூஜா உடனே நிரம்பப் போனது. அண்ணனோ கூடத்தின் மூன்றாம் வரிசையில் கைக்குட்டையால் வழுக்கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஐயா கண்ணை மூடினார். திரை எழுதியது: 'குட்டி, கவலைபடாதே. தண்ணீர் குளிராக இருந்தது. இப்போது இல்லை. அச்சகத்தை நினைத்து அழாதே.'

கூட்டம் உச்சுக்கொட்டியது. மூன்றாம் வரிசையில் முதலாளி எழுந்து நின்றார்.

"இவங்க சொன்ன அண்ணன் நான்தான். நான் படகுலயே ஏறினது கிடையாது," என்றார். "அப்புறம், கவலைப்படாதேக்கு நடுவுல ஒரு ப் வரணும். உயிரோட இருக்கேன், நானே திருத்திடறேன்."

ஐயா கண்ணைத் திறக்கவில்லை. திறக்காமலேயே, ஏதோ குறும்புக்கார ஆவி ஒன்று இடையில் புகுந்துவிட்டது, நம்பிக்கை இல்லாதவர்கள் வந்தால் இப்படித்தான் என்றார். கூட்டம் தலையாட்டியது. ஆமாம், ஆட்டியது. செத்தவன் எழுந்து நின்று நான் சாகவில்லை என்கிறான், கூட்டம் அவனை முறைக்கிறது, ஏன் சாகவில்லை என்பது போல.

ஒற்றம்மா மேசைக்குப் பின்னால் போனாள். கம்ப்யூட்டரின் முதுகில், சுவரைப் பார்த்த பக்கத்தில், அதே கறுப்புத் துண்டு சிமிட்டிக்கொண்டிருந்தது. கம்பியைத் தேடிக் குனிந்த இத்தனை பேரில் ஒருவர்கூட அந்த முதுகைப் பார்க்கவில்லை. அவர்களைக் கம்பியைத்தானே தேடச் சொன்னார்கள். அவள் அதைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். இப்போது எழுதச் சொல்லுங்கள் என்றாள். திரை ஊமையாக நின்றது. ஆன்மாவின் பாதையை அறுத்துவிட்டாள் என்று ஐயா பதறினார். கூட்டமும் பதறியது.

"சரிங்க, பாதையைத் திரும்ப வச்சுடறேன்," என்று துண்டைச் செருகினாள் அவள். "எல்லாரும் திரையையே பாத்துக்கிட்டிருங்க. முதலாளி, நீங்க போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்க."

ஐயாவின் கண் இப்போது திறந்தது. முதலாளி வெளியே போனார். லாரி டிரைவரும் என்னதான் பார்க்கலாம் என்று பின்னாலேயே போனார். சுவருக்கு அப்பால் கதவு தட்டும் சத்தம் மெல்லக் கேட்டது. திரையில் எழுத்து வந்தது:

'யாரோ கதவை தட்டறாங்க.'

சத்தம் பலமானது.

'ஐயா ரெண்டு ஆள் நிக்கறாங்க. திறக்கவா?'

லாரி டிரைவரின் கைக்கு அந்தக் கதவு ஒரு பொருட்டே இல்லை. கடைசியாக வந்த வரியைக் கூடமே வாய்விட்டுப் படித்தது: 'ஐயா காப்பா'.

அவ்வளவுதான். அடுத்த நிமிடம் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு மனிதனைத் தோளோடு அணைத்துக்கொண்டு டிரைவர் வந்தார். பார்க்க நட்பாகத்தான் இருந்தது. அந்த மனிதன் ஐயாவின் மைத்துனன். தண்ணீர் அம்மாள் அவனுடைய மனைவி. குடும்பமாகச் சேர்ந்து மறுவுலகத்தை நடத்தியிருக்கிறார்கள். டிரைவர் அவனை உட்கார வைத்து, எங்கப்பா பேர்ல எழுதினது நீதானா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஐயா பின்வாசல் பக்கம் நகர்ந்தார். அங்கே வக்கீல் நின்றுகொண்டிருந்தார், மாமியாரைப் பற்றிப் பேச அவருக்கு நிறைய இருந்தது.

கூட்டம் கத்தியது, நாற்காலிகள் உருண்டன. அக்கா மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். ஜெயித்த மிதப்பில் வந்த தங்கையை அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப அவரு ஒரு வார்த்தைகூட எழுதலையா?"

ஒற்றம்மாவின் மிதப்பெல்லாம் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எழுதல அக்கா."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட இல்ல. அத்தான் செத்துட்டாரு அக்கா."

அத்தான் போய் ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் அந்த வார்த்தையை அக்காவிடம் ஒருவர் நேராகச் சொன்னார். அவள் அங்கேயே குலுங்கிக் குலுங்கி அழுதாள். அது திரையைப் பார்த்து அழுத அழுகையாக இல்லை. அங்கிருந்து நேரே டாக்டரிடம் போனார்கள். விரல் தப்பியது, நூலிழையில்.

பின்னறைக் கம்ப்யூட்டரில் அந்தத் துண்டை ஒற்றம்மா மறுபடி செருகிக் கொடுத்தாள். அக்கா இப்போது அதில் மகனோடு முகம் பார்த்துப் பேசுகிறாள், எழுதாமல் விட்டதற்குத் திட்டுகிறாள். உயிரோடு இருப்பவனைத் திட்டினால் பதில் வருகிறது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் ஐயாவின் கூடத்தைப் பூட்டிய மறுவாரமே, அந்த வரிசையில் பாதி ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மாளின் வீட்டு வாசலில் நின்றது. அங்கே ஆவிகள் குளிர்சாதனப் பெட்டி வழியாக முணுமுணுக்கின்றனவாம். மேசைக்கடியில் குனிந்து பார்த்த ஆள்தான் அங்கேயும் முதலில் நின்றார். இந்த முறை ஏமாறமாட்டேன், கம்பி இருக்கிறதா என்று நன்றாகப் பார்த்துவிட்டேன் என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

செத்தவர்களுக்கு மூளை வேலை செய்யாது, அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். உயிரோடு இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.