தலை விழாத பதினொரு படங்கள்

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். கொழுந்தியாள் கோமதியை ஐந்தருவிக்குக் கூட்டிப்போய் நல்லதாக ஒரு போட்டோ எடுத்து வர வேண்டும்.

எழுபதுகளின் நடுவில், சாரல் விழ ஆரம்பித்திருந்த ஆனி மாதம். தென்காசியில் பஸ் ஏறினால் சீக்கிரம் போய் இறங்கிவிடலாம். இதில் என்ன தப்பு நடந்துவிடப் போகிறது?

கோமதிக்கு மூன்று இடம் வந்து மூன்றும் தட்டிப்போயிருந்தது. காரணம், ஸ்டூடியோவில் எடுத்த போட்டோ. "அசையாதம்மா, அசையாதம்மா" என்று சொல்லியே ஸ்டூடியோக்காரர் அவளை விறைக்க வைத்துவிட்டார். பார்த்த மூன்று வீட்டாரும், "பிள்ளை கோவக்காரி போல இருக்காளே" என்று ஜாதகத்தைத் திருப்பிவிட்டார்கள்.

நாலாவது, வாசுதேவநல்லூர் இடம். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். ஜாதகம் பொருந்திவிட்டது. 'பவுடர் பூசி எடுத்த படம் வேண்டாம். சாதாரணமாக இருக்கும்போது எடுத்த படம் அனுப்புங்கள்' என்று எழுதியிருந்தார்கள்.

மாமனார் முடிவாகச் சொல்லிவிட்டார். "இதுவும் தட்டிச்சுன்னா கீழப்பாவூர்க்காரருக்கே குடுத்துருவேன்."

கீழப்பாவூர்க்காரர் இரண்டாம் தாரத்துக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தவர். வயது நாற்பத்திரண்டு. கோமதிக்கு இருபத்துமூன்று. இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

"அத்தான், நீங்கதான் எப்படியாவது..." என்றாள்.

நானும் பெரிய ஆள் மாதிரி, "நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அதுவரை நான் கேமராவைத் தொட்டது கூடக் கிடையாது!

கடையநல்லூரில் என் நண்பன் பீர் முகம்மது, துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். அவனுடைய கேமராவை வாங்கினேன்.

"பன்னெண்டு படம் இருக்கு மாப்ளே. ஒண்ணே ஒண்ணு மனசுல வச்சுக்க. கண்ணாடியில தெரியுதது வேற, லென்ஸுல விழுதது வேற. கிட்ட நின்னு எடுத்தேன்னா கொஞ்சம் மேல தூக்கிப் பிடி. இல்லைன்னா தலை போயிரும்."

எல்லாம் புரிந்ததுபோல் தலையை ஆட்டினேன். பஸ் ஏறும்போதே மறந்துவிட்டேன்.

ஐந்தருவிக்கு நாலு பேர் போனோம். கோமதி, மாமியார், என் மனைவி செண்பகம், நான். போய் இறங்கியதும் செண்பகம் அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஏட்டி, சிரி. இவ்வளவு வேண்டாம், கொஞ்சமா சிரி. கையை எதுக்குக் கட்டுதே? என்னங்க, தலை வருதா?"

"வருது, வருது."

கண்ணாடியில் வந்தது. நான் பொய் சொல்லவில்லை.

நடுவில் மாமியாருக்குக் குளிக்கும் ஆசை வந்துவிட்டது. வழுக்குப் பாறையில் விறுவிறுவென்று நடந்தார். கோமதி பின்னாலேயே ஓடிக் கையைப் பிடித்து இழுத்தாள். "மூணு நாளா இருமிக்கிட்டு அருவி கேக்குதோ உனக்கு? பேசாம வாம்மா!" என்று ஒரு அதட்டல். சாதாரணமாக இருக்கும்போது எடுக்கச் சொன்னார்களே! அமுக்கினேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். எலுமிச்சைச் சாதத் தூக்குவாளியைத் திறக்கும் முன்னே ஒரு கடுவன் குரங்கு வந்து அதன் பிடியைப் பற்றிக்கொண்டது. மாமியார் முருகா என்றார். நான் இரண்டடி பின்னால் போனேன். கோமதி ஒரு கையால் தூக்கை விடாமல் இழுத்தாள். இன்னொரு கையில் குடையை எடுத்தாள்.

"ஏலே! விடுலே! விடுதியா இல்லியா?"

பயத்தில் என் விரல் தானாகவே அமுக்கியது.

மூன்று நாள் கழித்து ஸ்டூடியோவுக்குப் போனேன். பிலிமைக் கழுவிக் கொடுத்தவர், கோமதியை விறைக்க வைத்த அதே ஆள்தான். துக்க வீட்டு முகத்தோடு கவரை நீட்டினார்.

"அண்ணாச்சி, பொண்ணு வீட்டுல இருந்து அனுப்புத படம்னு சொன்னீகள்லா?"

"ஆமா."

"குரங்கு நல்லா லட்சணமா விழுந்திருக்கு."

பிரித்துப் பார்த்தேன். பதினொரு படத்தில் கோமதி கழுத்தோடு நின்றாள். குரங்குப் படத்தில் அவளுக்குக் கை உண்டு, குடை உண்டு, தூக்கு உண்டு. முகம் குரங்குக்கு மட்டும்தான். பஸ்ஸுக்கு நிற்கும்போது தூரத்திலிருந்து எடுத்த பன்னிரண்டாவது படத்தில்தான் தலை இருந்தது. அதிலும் விறைத்துத்தான் நின்றாள்.

"தலை வருதான்னு எத்தனை தரம் கேட்டேன் உங்ககிட்ட?" என்றாள் செண்பகம்.

"பதினோரு தரம்."

நல்ல படத்தை மாமனார் வீட்டு ரேடியோப் பெட்டி மேல் வைத்தோம். மற்ற பதினொன்றையும், கண்ணில் பட வேண்டாம் என்று கவரிலேயே போட்டுப் பக்கத்தில் வைத்தோம்.

மறுநாள் சாயங்காலம் மாமனார் திருப்தியாக வெற்றிலை போட்டுக்கொண்டு சொன்னார். "காலையிலேயே வாசுதேவநல்லூருக்குத் தபால்ல சேத்தாச்சு மாப்பிள்ளை."

ரேடியோப் பெட்டியைப் பார்த்தேன். நல்ல படம் அங்கேயே இருந்தது. கவரைக் காணோம்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கண்ணாடி இல்லாமல் அவருக்குப் பக்கத்தில் இருப்பது தெரியாது. போட்டோ என்றால் கவருக்குள்தானே இருக்கும்?

கோமதி அழவில்லை. "கீழப்பாவூர்ல நரசிம்மர் கோயில் நல்லாருக்கும்னு சொல்லுவாங்கள்லா அத்தான்?" என்றாள்.

விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்தேன், நல்ல படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு. தபால்காரரை முந்திவிட வேண்டும். புளியங்குடிப் பக்கம் பஸ் பஞ்சராகி ஒரு மணி நேரம் நின்றது.

மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் நுழையும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. பாயில் பதினொரு படத்தையும் பரப்பி, சுற்றிப் பத்துப் பேர். அப்படியே திரும்பிவிடலாம் என்று பார்த்தேன். ஜாதகம் கொடுக்கப் போனபோது என்னைப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் அப்பா கண்டுகொண்டார்.

"யாரு, தென்காசியா? வாங்க, வாங்க! இந்தப் படம்லாம் எடுத்தது யாரு?"

"எங்க சொந்தக்காரர் ஒருத்தர்."

"கண்ணு தெரியாதோ அவருக்கு?"

"கொஞ்சம் மங்கல்தான் அண்ணாச்சி."

"வந்தவுகளை உக்காரச் சொல்லாம என்ன பேச்சு?" என்று மாப்பிள்ளையின் அம்மா அவரை அடக்கினார். பாறைப் படத்தை எடுத்து என்னிடம் காட்டினார். "தம்பி, இது பொண்ணோட அம்மாதானே?"

"ஆமா."

"வழுக்குத பாறையில பெத்தவளை எவ்வளவு கெட்டியாப் பிடிச்சுக் கூட்டிட்டு வாரா! இந்தக் காலத்துல யாரு செய்யுதா?"

கேமராவில் சத்தம் விழாது. அந்த அதட்டலை நான் சொல்லவும் இல்லை.

"ஸ்டூடியோப் படம் பத்துப் பன்னெண்டு பாத்தாச்சு தம்பி. எல்லாவளும் பூச்சாடியில கை வச்சுக்கிட்டு நிக்கா. வீட்டுக்கு வந்தா என்ன செய்வான்னு அதுல எங்க தெரியுது? எங்க மாடியில வடகம் காயப்போட்டா பாதி குரங்குக்குத்தான். வீட்டுல மூணு ஆம்பிளை. விரட்டுததுக்கு ஒருத்தருக்குத் துணிச்சல் இல்ல."

மூன்று ஆம்பிளைகளில் ஒருவரான மாப்பிள்ளை, குரங்குப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "கடைசி வரைக்கும் தூக்கை விடலை பாத்தீங்களா அம்மா?" என்றார்.

நல்ல படத்தை எடுத்து நீட்டினேன். அந்த அம்மா உற்றுப் பார்த்தார்.

"இது யாரு?"

"பொண்ணுதான்."

"அப்படியா? சரி, இருக்கட்டும்." அதைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டார். "மூஞ்சியை ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து பாத்துக்கிடுதோம்."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. கல்யாணப் படங்களெல்லாம் டிரங்குப் பெட்டிக்குள் இருக்க, குரங்குப் படம் மட்டும் பெரிதாகப் போட்டுச் சட்டம் அடித்து அவர்கள் வீட்டு முன்கட்டில் தொங்கியது.

பதினொன்றில் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். அதில் கோமதி கழுத்துவரை நிற்கிறாள். ஓரத்தில் வளையல் போட்ட ஒரு கை மட்டும் நீட்டிக்கொண்டு வருகிறது. அது செண்பகத்தின் கை.

செண்பகம் போய் ரொம்ப வருஷம் ஆகிவிட்டது. தலை நன்றாக விழுந்த அவளுடைய படம் சுவரில் மாலையோடு இருக்கிறது. அது ஒரு நாளும் என்னிடம் பேசியதில்லை. இந்தக் கை இருக்கிறதே, எடுத்துப் பார்க்கும்போதெல்லாம், "என்னங்க, தலை வருதா?" என்று கேட்கிறது. கேமராவில் சத்தம் விழாது என்று எழுதினேன், அது தப்பு.

வரலை செண்பகம்.