ஹீட் பம்புக்கு நாள் பார்த்த கதை

ஒழுங்கில்லாதவர்களால் பெரிய நாசம் எதுவும் விளைவதில்லை. அவர்கள் சாவியைத் தொலைப்பார்கள், பஸ்ஸைத் தவறவிடுவார்கள், அதோடு சரி. திட்டமிட்டு, குறிப்பெடுத்து, உரிய நேரத்தில் ஒரு வீட்டையே கெடுப்பதற்கு ஒழுங்கான மனிதன் ஒருவன் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த மனிதன் நான்.

முப்பத்தொரு வருடங்களாக நாட்குறிப்பு எழுதுகிறேன். ஒரு நாளும் தவறியதில்லை. காய்ச்சலில் கிடந்த நாட்களில் காய்ச்சலின் அளவை எழுதியிருக்கிறேன். தொழிலும் அதற்கேற்றதுதான்: ஒரு பஸ் நிறுவனத்தில் நேர அட்டவணை தயாரிக்கிறேன். (லண்டனில் பஸ் அட்டவணைப்படி வருவதில்லை என்று குறைப்படுபவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அட்டவணை சரியாகத்தான் இருக்கிறது. பஸ்தான் பிழை.)

செவன் கிங்ஸில் நாங்கள் வாங்கிய வீட்டில் முன்பு இருந்தவர் காலத்துக்கு முந்திய மனிதர். தெரு முழுவதும் காஸ் பொயிலர் வைத்திருந்த நாளிலேயே அவர் ஹீட் பம்ப் பூட்டியிருந்தார். வீட்டின் பக்கத்து நடைபாதையில், பெரிய ஏசிப் பெட்டி போல ஒன்று நின்றது. வெளியே இருக்கும் குளிர்காற்றிலிருந்தே சூட்டைப் பிரித்தெடுத்து, அதைத் தண்ணீரில் ஏற்றி, வீட்டிலுள்ள ரேடியேட்டர்களுக்கு அனுப்பும் பெட்டி. குளிரிலிருந்து சூடு எப்படி வரும் என்று என் மனைவி வசந்தா ஒருமுறை கேட்டாள். படம் வரைந்து, அம்புக்குறி போட்டு விளக்கினேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதற்கும் விளக்கம் கேட்பதில்லை.

நாங்கள் குடிவரும்போதே அந்தப் பெட்டிக்கு நாலு வயது. இந்தக் கதை நடந்தபோது பதினாறு. மனிதருக்குப் பதினாறு நல்ல வயது. ஹீட் பம்புக்கு அது பாயில் விழும் வயது. தொடங்கும்போதெல்லாம் பழைய மினிபஸ் மாதிரி உடம்பை ஒருமுறை உலுப்பிவிட்டு இரைந்தது. இருபத்தொரு பாகை கேட்டால் பதினேழு தந்தது. வருடாவருடம் அதைப் பார்க்க வருபவர் ஜெராட், மன்னார்க்காரர், பார்க்கிங் நகரில் இருக்கிறார். அவர் அந்தக் கோடையிலேயே சொல்லிவிட்டார்: “அண்ணை, இது இனி ஏலாது. குளிர் தொடங்க முன்னம் மாத்துவம்.”

நான் உடனே மாற்றியிருக்கவேண்டும். ஆனால் எதை வாங்குவது என்று தீர்மானிக்க ஒப்பீட்டு அட்டவணை ஒன்று தயாரிக்கத் தொடங்கினேன். இரைச்சல், நீள அகலம், உத்தரவாதம், வெளிப்பெட்டியின் நிறம் என்று பதினான்கு நிரல்கள். அட்டவணை முடியும்போது தை மாதம் பிறந்துவிட்டது. கடைசியில், ஜெராட் முதல் நாளே சொன்ன மாதிரியைத்தான் வாங்கினோம்.

அதற்குள் எங்கள் மகள் யாழினிக்கு மாதம் நெருங்கிவிட்டது. முதல் பிள்ளைப்பேறு, அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்குத்தான் வருவதாக ஏற்பாடு. வசந்தா மூன்று மாதமாக அதே வேலையாக இருந்தாள். பிள்ளை பெற்றவளின் கறிக்குப் போடும் சரக்குத் தூள் இடித்துப் போத்தல்களில் அடைத்தாள். இலை அவித்த தண்ணீரில் குளிக்கும் வேதுக் குளிப்புக்கு நொச்சியிலையும் வேப்பிலையும் வேண்டுமென்று மனோர் பார்க் கடையில் சொல்லிவைத்தாள். பெரிய பானை ஒன்றும் வாங்கினாள்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. யாழினியை அவள் பெற்றபோது நாங்கள் ஒரு வீட்டில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம். அவளுக்கு இந்த நாட்டில் தாயும் இல்லை, சகோதரியும் இல்லை. நான் இரவு ஷிப்ட். தண்ணீரைத் தானே காய்ச்சித் தானே குளித்தாள். பிள்ளை பெற்றவளைத் தாய் வைத்துப் பார்க்கும், அவளுக்குக் கிடைக்காத அந்த முப்பத்தொரு நாளையும் மகளுக்குக் கொடுத்துப் பார்க்கவேண்டும் என்று இருந்தாள். அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. பானையின் அளவைப் பார்த்து நானாகப் புரிந்துகொண்டது.

மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பெண் குழந்தை பிறந்தது. கொஞ்சம் மஞ்சள் காமாலை இருக்கிறது, வியாழக்கிழமை வீட்டுக்கு விடுகிறோம் என்றார்கள். ஜெராட் செவ்வாயும் புதனும் வந்து பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவதாகச் சொன்னார். புதன் மாலை வீடு சூடாகும், வியாழன் மதியம் பிள்ளை வரும். நான் போட்ட அட்டவணைகளிலேயே அழகானது அதுதான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயில் கலண்டரைப் புரட்டியபோது செவ்வாய்க்கிழமையில் அட்டமி என்று இருந்தது. எனக்குப் பஞ்சாங்கத்தில் பெரிய நம்பிக்கை என்று சொல்லமுடியாது. ஆனால் அதுவும் ஒரு நேர அட்டவணை. அட்டவணை ஒன்றைக் கண்ணால் கண்டபிறகு அதை மீறுவது என்னால் ஆகாத காரியம்.

“செவ்வாயும் அட்டமியும் சேர்ந்து வருது. பச்சைப் பிள்ளை வாற வீட்டில புது வேலை தொடங்கிற நாளே அது?” என்றேன்.

வசந்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள். “பழைய பெட்டியைக் கழட்டி எறியிறதுக்கும் நாளோ? இனிக் குப்பை வாளியை வெளியில வைக்கவும் பஞ்சாங்கம் பாப்பியள் போல.”

ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வீடு கட்டத் தொடங்கும்போது நல்ல நாளில் மேசன் வர வசதிப்படாவிட்டால், வீட்டுக்காரரே அந்த நேரத்தில் ஒப்புக்குச் சின்ன வேலை ஒன்றைச் செய்துவைப்பார். அதற்கு நாள் வேலை என்று பெயர். பிறகு மேசன் எந்த நாளில் வந்தாலும் குற்றமில்லை. வேலை ஏற்கனவே தொடங்கிவிட்டது. திங்கட்கிழமை காலையில் நல்ல நேரம் இருந்தது. ஹீட் பம்புக்கும் நாள் வேலை செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். இப்படி ஒன்றைச் செய்த முதல் மனிதன் நானாகத்தான் இருக்கவேண்டும். (கடைசி மனிதனும்.)

திங்கட்கிழமை வசந்தா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். நான் லீவு. குளித்து, திருநீறு பூசி, ஹோலில் அட்டைப்பெட்டிக்குள் இருந்த புதிய இயந்திரத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்தேன். பிறகு கம்பளித் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு வெளியே போனேன். பத்து நாற்பத்தெட்டுக்கு, பழைய பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த மின்சாரச் சுவிச்சை நிறுத்தினேன். முன்மூடியிலிருந்து ஒரு திருகாணியைக் கழற்றி வெற்றிலையில் வைத்தேன். பதினாறு வருடம் உழைத்த பெட்டி கடைசியாக ஒருமுறை உலுப்பி அடங்கியது. எனக்குக் கண் கலங்கியது என்பது உண்மை.

வேலை முடிந்தது. இனிச் சுவிச்சைத் திரும்பப் போட்டுவிட்டு உள்ளே போய்த் தேநீர் குடித்திருக்கலாம். கையையும் சுவிச் வரைக்கும் கொண்டுபோனேன். அப்போதுதான் யோசனை வந்தது. நல்ல நேரத்தில் நிறுத்திய பழையதை மறுபடி ஓடவிட்டால், தொடங்கிய வேலையை நானே அழித்ததாகாதா? ஒரு நாள்தானே, இரண்டு மின்சார ஹீட்டர் போதும் என்று விட்டுவிட்டேன். அன்றைய குறிப்பில் இப்படி இருக்கிறது: “நாள் வேலை இனிதே நிறைவேறியது. நாளை காலை வெளி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் ஐந்து என்று எதிர்வுகூறல்.” இரண்டு வசனங்களும் அடுத்தடுத்த வரியில் இருக்கின்றன. ஒன்றை ஒன்று அறிமுகப்படுத்திவைக்க எனக்குத் தோன்றவில்லை.

செவ்வாய் காலை ஏழு நாற்பதுக்கு ஜெராட் இரண்டு ஆட்களோடு வந்தார். பக்கத்துக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். பெட்டியின் அடியிலிருந்து நடைபாதை முழுவதும் ஐஸ் பாளம். உள்ளே ரேடியேட்டர்களின் அழுத்தம் காட்டும் முள் பூச்சியத்தில் கிடந்தது.

“அண்ணை, கரண்டை நிப்பாட்டினியளோ?”

“ஓம்.”

“எப்ப?”

“நேற்று பத்து நாற்பத்தெட்டுக்கு.” (நேரத்தைச் சரியாகச் சொன்னதில் ஒரு திருப்தியும் இருந்தது.)

அவர் மூடியைக் கழற்றிப் பார்த்தார். அதில் ஒரு திருகாணி ஏற்கனவே குறைந்திருப்பதைக் கண்டும் எதுவும் கேட்கவில்லை. உள்ளே தண்ணீர் உறைந்து, சூடு மாற்றும் தகடு வெடித்துவிட்டது, இயந்திரத்தின் எண்ணெய் ரேடியேட்டர்த் தண்ணீரோடு கலந்துவிட்டது என்று விளக்கினார். வீட்டிலுள்ள அத்தனை குழாயையும் கழுவாமல் புதியதைப் பூட்டினால் புதியதும் போகும். கழுவும் இயந்திரம் அவரிடம் இல்லை. வாடகைக்கு எடுத்துவர அடுத்த வாரம் ஆகும். தண்ணீர்த் தாங்கியில் இருக்கும் மின்சாரச் சூடாக்கியால் குளிக்கச் சுடுதண்ணீர் வரும், ஆனால் வீடு சூடாகாது.

வசந்தா குளிரங்கியோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

“உறைபனிக்க கரண்டை மட்டும் நிப்பாட்டாதேங்கோ எண்டு நான் சொன்னனான் எல்லோ அண்ணை,” என்றார் ஜெராட், மெதுவாக. “கரண்ட் இருந்தா அது தண்ணியைத் தானாச் சுத்திக்கொண்டிருக்கும். உறையாது.”

“நீர் சொல்லேல்லை. சொல்லியிருந்தா நான் எழுதியிருப்பன்.”

அவர் அதை விட்டுவிட்டு, கழற்றிய மூடியைச் சுவரோடு சாய்த்துவைத்தார். நானும் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இருபத்தேழு வருட நாட்குறிப்பின் மானம் பற்றிய விஷயம். மேலே போய்க் கடைசி நாலு வருடக் கொப்பிகளையும் தூக்கிவந்தேன். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பொருளகராதி உண்டு. ஹீட் பம்ப் என்ற தலைப்பில் எல்லாப் பக்க எண்களும் இருக்கும். நடுநிலையான ஒருவர் வாசிக்கட்டும் என்று வசந்தாவின் கையில் கொடுத்தேன்.

அவள் பக்கத்தை எடுத்து, பாடசாலைப் பிள்ளை மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தாள்.

“‘ஜெராட் வந்தார். சர்வீஸ். முக்கியம்: உறைபனிக் காலத்தில் எக்காரணம் கொண்டும் மின்சாரத்தை நிறுத்தக்கூடாது. தகடு வெடிக்கும்.’ கீழ சிவப்பால ரெண்டு கோடு.”

அடுத்த கொப்பியை எடுத்தாள். அதிலும் அதே எச்சரிக்கை, ஒரு கோடு. மூன்றாவது கொப்பியையும் விடவில்லை.

“‘மின்சாரம் பற்றி ஜெராட் மீண்டும் நினைவூட்டினார். ஏற்கனவே எழுதியுள்ளேன் என்று அவருக்குத் தெரிவித்தேன்.’”

ஜெராட் திரும்பி ஐஸ் பாளத்தை உற்றுப் பார்த்தார். அவருடைய தோள்கள் குலுங்கின. நாலாவது கொப்பியை வசந்தா திறக்கவேயில்லை. நாலையும் ஒழுங்காக அடுக்கி என் கையில் தந்தாள்.

“எழுதினது சரி. ஒருக்கா வாசிச்சும் பாத்திருக்கலாம்.”

அவ்வளவுதான் சொன்னாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று வீட்டின் வெப்பநிலை ஒன்பது பாகை. மருமகனின் தாய் தகப்பன் வீடு பார்க்கிங் நகரில். அங்கே காஸ் பொயிலர். யாழினிக்கு வசந்தாதான் போன் எடுத்தாள். பிள்ளையை அங்கேயே கொண்டுபோகச் சொன்னாள். இங்கே குளிர், அப்பா ஒரு வேலை பார்த்துவிட்டார் என்றாள். எந்த வேலை என்று மகள் கேட்டிருக்கவேண்டும். “நாள் வேலை,” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

வியாழக்கிழமையிலிருந்து வசந்தா பெரிய பானையையும் சரக்குப் போத்தல்களையும் இலைக் கட்டுகளையும் தூக்கிக்கொண்டு பார்க்கிங்குக்குப் போய்வந்தாள். பஸ்ஸில் பானை ஒரு இருக்கையில், அவள் ஒரு இருக்கையில். சம்பந்தி வீட்டுக் குசினியில், இன்னொரு பெண்ணின் அடுப்பில், கேட்டுக் கேட்டுத் தண்ணீர் காய்ச்சினாள். அவர்கள் நல்ல மனிதர்கள், ஒரு குறையும் வைக்கவில்லை. சம்பந்தி எனக்கும் போன் எடுத்து, வீட்டில் கிடந்து விறைக்காமல் வந்து நில்லுங்கோ என்றார். “எங்கட பொயிலருக்கு இருபது வருசம் அண்ணை. ஒரு நாளும் நாள் பார்க்கேல்லை,” என்று சேர்த்துக்கொண்டார். நான் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தொப்பியோடு வீட்டில் இருந்தேன்.

பத்தாம் நாள் ஜெராட் வந்து குழாய்களைக் கழுவிப் புதியதைப் பூட்டினார். சுவிச்சைப் போடும் முன் என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணை, இப்ப ராகுகாலம் எண்டு அக்கா சொன்னவ. போடட்டோ, பொறுக்கட்டோ?”

“போடும்,” என்றேன்.

நாலு வருடமாகிறது. அந்தப் பெட்டி இன்றுவரை ஒரு நாளும் நின்றதில்லை.

வீடு சூடானபிறகும் பிள்ளை வரவில்லை. பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழியும்வரை இடம் மாற்றவேண்டாம் என்று வசந்தாவே சொல்லிவிட்டாள். முப்பத்தோராம் நாள் சடங்கும் அங்கேதான் நடந்தது. குழந்தை முதல்முறை சிரித்த அன்று நான் ஒரு புதிய மாற்றுவழி பஸ்ஸுக்கு அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன். என் குறிப்பில் அது இப்படி இருக்கிறது: “பேத்தி சிரித்தாள். (கேள்விப்பட்டது. நேரில் காணவில்லை.)”

இப்போது எங்கள் வீட்டில் நான் எதை உறுதியாகச் சொன்னாலும் ஒரே பதில்தான். கல்யாண வீட்டு நேரமாக இருக்கட்டும், கார் இன்சூரன்ஸ் முடியும் நாளாக இருக்கட்டும், “எழுதி வைத்திருக்கிறேன்” என்று வாயெடுத்தால் போதும். மகள், மருமகன், சம்பந்தி, சர்வீசுக்கு வரும் ஜெராட் எல்லோருமே கேட்கிறார்கள்: வாசிச்சியளோ?

போன சனிக்கிழமை பேத்தி வந்திருந்தாள். நான் எழுதிக்கொண்டிருந்தபோது மேசையில் நாடியை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாது. நான் பேனாவை மூடினேன்.

“அம்மப்பா, டிட் யூ ரீட் இட்?”

தாய் பழக்கிவிட்டது. நான் கண்ணாடியைச் சரிசெய்து, அவளுக்குக் கேட்கும்படி வாசித்தேன்: “வீட்டு வெப்பம் இருபதரை. பேத்தி காலை பத்து ஐந்துக்கு வந்தாள். இரண்டு தோசை சாப்பிட்டாள். ஏழு முறை சிரித்தாள். (நேரில் கண்டது.)”

குசினியிலிருந்து வசந்தாவின் குரல் வந்தது. “இஞ்சேருங்கோப்பா, வெளியில பனி கொட்டுது. சுவிச்சையும் ஒருக்காப் பாத்திட்டு வாங்கோ.”

எழுந்து போய்ப் பார்த்தேன். போட்டபடியே இருந்தது. திரும்பிவந்து அதையும் எழுதினேன். எழுதிவிட்டு வாசித்தேன்.